தெருவுக்கு வந்த ரேடியோ

நாடு முழுக்க டிஜிட்டல் ரேடியோ வந்துவிட்டதாம். வானொலி நிலையத்தில் சிக்னல் அளப்பதுதான் என் வேலை. அதனால் எனக்குத் தெரியும், வந்தது தெரு வரைக்கும்தான்.

ஜீப் கூரையில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டுவோம். மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் அந்தத் தெரு பாஸ். எந்த வீட்டுக்குள்ளும் நாங்கள் கால் வைத்ததில்லை. ஜனங்கள் எல்லாம் என்னவோ ஜீப் கூரையில் குடித்தனம் நடத்துகிற மாதிரி.

என் அத்தான், அக்கா புருஷன், வாதம் வந்து இரண்டு வருஷமாக உள்ளறையில் படுக்கை. கண்ணும் மங்கல். காலையில் செய்தி, மத்தியானம் நாடகம், அப்புறம் பாட்டு. ரேடியோ ஒன்றுதான் அவருக்கு மிச்சம். பழைய ஒலிபரப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று டிஜிட்டல் செட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தலைமாட்டில் வைத்தால் ஊமை. வாசலுக்குக் கொண்டு போனால் கணீரென்று கேட்கிறது.

டைரக்டரிடம் போய் நின்றேன்.

"சார், சுவரைத் தாண்டி வரமாட்டேங்குது. இன்னும் நாலு டவர் வேணும். அதுவரைக்கும் பழைய ஒலிபரப்பை நிறுத்தாதீங்க."

அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "தெருவுல வருதா, இல்லையா?"

"வருது சார்."

"அப்புறம் என்னய்யா? கையெழுத்தைப் போடு. நாளான்னைக்கு மந்திரி வர்றார். இல்லன்னா மாத்தல் ஆர்டர் வாங்கிட்டுக் கிளம்பு."

குத்திய குச்சியை என் ரிப்போர்ட் மேலேயே வைத்தார். குச்சியை நகர்த்திவிட்டு, அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டேன். தூ, நானும் ஒரு மனுஷன்.

மந்திரி பட்டனை அமுக்கினார். பழைய ஒலிபரப்பு பாதிப் பாட்டில் செத்தது. அதற்கும் கை தட்டினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்குக் கேட்கும் என்று என் கணக்கை வாசித்துவிட்டு டைரக்டர் இளித்தார். அதே பல்.

விழா முடிந்ததும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். தெருவோரத்தில் கட்டில் கிடந்தது. அதில் அத்தான். தலைக்கு மேல் அக்கா ஒரு குடையைக் கட்டியிருந்தாள். காதோரம் ரேடியோவில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் காலில் மூத்திரப் பை தொங்கியது. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

அக்கா அவர் முகத்துப் புழுதியைத் துடைத்தாள்.

"நீ அளந்தது சரிதான்டா. தெருவுல நல்லாத்தான் கேக்குது."

நான் கட்டிலருகே போய் நின்றேன். மங்கின கண்ணுக்கு நான் யாரென்று தெரியாமல், யாரோ வழியில் போகிற ஆள் நின்று வேடிக்கை பார்ப்பதாக அத்தான் நினைத்துவிட்டார். போர்வையை இழுத்து அந்தப் பையை மறைக்கப் பார்த்தார். கை எட்டவில்லை.