கிழிஞ்ச குடை

பூட்டுக்காரருக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று கையைப் பிசைகிறவர்கள் கூப்பிட்டால், போய்க் கதவைத் திறந்துவிடுவதுதான் அவர் பிழைப்பு. எவ்வளவு பெரிய பூட்டும் ஒரு கம்பிக்கும் கொஞ்சம் பொறுமைக்கும் வாயைத் திறந்துவிடும் என்று தெரிந்த மனிதர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்? கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், படுப்பார், எழுந்து வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். "ப்பா, பூட்டிதான் இருக்கு, நான் பார்த்துட்டேன்" என்று உள்ளேயிருந்து மகள் சொல்வாள். அதையும் நம்பாமல் இன்னொரு தடவை இழுப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், எட்டு வயது மகளைத் தன்னந்தனியாக விமானம் ஏற்றி வேறொரு நாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. விதி என்பதா, விசா என்பதா தெரியவில்லை.

மனைவி நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். காலூன்றியதும் இவர்களை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான் விசாவுக்கு மனு போட்டார்கள். மகளுக்கு வந்துவிட்டது. அவருடையது 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்திருந்தது, திறக்கிற நாளுக்குள் வந்து சேராவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். மனைவிக்கோ லீவு என்று வாயைத் திறக்கவே வழியில்லை, அவள் வார்டில் ஆள் பஞ்சம்.

"நீங்க ஏத்தி விட்டா போதுங்க. ஏர்லைன்ஸ்காரங்களே கூட்டிட்டு வந்து என் கையில ஒப்படைப்பாங்க" என்றாள் மனைவி போனில்.

"எந்த ஆளு கூட்டிட்டு வருவாங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? யூனிஃபார்ம் போட்டிருப்பாங்க."

"மாடியில இருக்கற தையல்காரம்மாகிட்ட அளவு குடுத்தா எனக்கும் ஒரு யூனிஃபார்ம் தைச்சுத் தருவாங்க."

"நான் என் பிள்ளையைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சுங்க" என்றாள் மனைவி. அதற்கு மேல் அவரால் என்ன பேச முடியும்? மறுநாளே டிக்கெட் எடுக்கப் போனார்.

விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் கவுன்ட்டர் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். பாஸ்போர்ட்டும் காகிதங்களும் ஒரு பையில் போட்டுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். விமானத்தில் ஒரு பணிப்பெண் பொறுப்பெடுத்துக்கொள்வாள். அந்தப் பக்கத்தில் அம்மா படம் போட்ட அடையாள அட்டையைக் காட்டினால்தான் பிள்ளையை விடுவார்கள். விமானம் மேலே கிளம்பும்வரை அப்பா இங்கேயே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த பூட்டுக்காரர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"நடுவுல ஒரு ஏர்போர்ட்ல வேற விமானம் மாறணும் சார். அங்க எங்க ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்க."

"அவங்க பேரு?"

"அன்னிக்கு யாரு ட்யூட்டியோ அவங்க சார்."

"அப்போ யாருன்னே தெரியாதவங்க கையில என் பிள்ளையைக் குடுக்கணும்."

"ஆமா சார்" என்றாள் அவள், பாவம், பொய் சொல்லத் தெரியாமல்.

பின்னால் வரிசை பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவளை அவர் கூப்பிடுவது சுண்டெலி என்று. ஆள் அவ்வளவுதான் இருப்பாள், கண்ணும் காதும் மட்டும் எப்போதும் உஷாராக இருக்கும்.

"சுண்டெலி, நீயும் நானும் ஒரு வார்த்தை வெச்சுக்கலாம். உன்னைக் கூப்பிடுறவங்க யாரா இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லணும். சொல்லலேன்னா ஒரு அடிகூட நகரக் கூடாது."

"யூனிஃபார்ம் போட்டிருந்தா?"

"போட்டிருந்தாலும்தான்."

"நீயே போன்ல போகச் சொன்னா?"

"போனை நம்பவே நம்பாத. குரலு, முகம் எல்லாத்தையும் இப்போ அப்படியே போலியா செஞ்சுடுறாங்களாம். ஆளு நேர்ல நின்னு, அவங்க வாயால சொல்லணும்."

சுண்டெலி யோசித்தாள். "கிழிஞ்ச குடை" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு இருவரும் ஒரே குடையில் போவது வழக்கம். அதில் ஒரு பக்கம் கிழிசல். கிழிந்த பக்கத்தை அவர் தன் தோளுக்கு மேல் திருப்பிப் பிடித்துக்கொள்வார். பிள்ளைக்கு அது தெரியாது என்று இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"சரி. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான்" என்றார்.

"அம்மாகிட்டகூடவா?"

"அம்மாகிட்ட போன்லதானே சொல்லணும்? யாராவது ஒட்டுக்கேட்டா?"

அதோடு விட்டாரா? ஒத்திகை வேறு. தையல்காரம்மா, மாற்றித் தைக்க வந்திருந்த யாரோ ஒரு காவலாளியின் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் மிட்டாயோடு வந்து கதவைத் தட்டினாள். "வா கண்ணு, அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றாள். "வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் சுண்டெலி. "எனக்குத் தெரியாதே." "அப்போ நான் வரல. மிட்டாயை வேணா வெச்சுட்டுப் போங்க." தையல்காரம்மா கோட்டைக் கழற்றிக்கொண்டே, "உங்க பொண்ணை எவனும் ஏமாத்த முடியாது அண்ணா, போய் நிம்மதியா தூங்குங்க" என்றாள். பூட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புறப்படுகிற நாள் வந்தது. விமானத்தின் வாசல்வரைக்கும் வர அவருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்து கையை நீட்டினாள். அவளை அவர் ஓரமாகக் கூப்பிட்டு, அந்த வார்த்தையைக் காதோடு காதாகச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. என் பிள்ளை மேல சத்தியமா" என்றார். நல்லவேளை, அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அதைவிட நல்ல குணம், சிரிக்காமல் சத்தியம் செய்து கொடுத்தாள். பிறகு சுண்டெலிக்கு முன்னால் குனிந்து வார்த்தையைச் சொன்னாள். சுண்டெலி அப்பாவைப் பார்த்தாள், அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், கழுத்துப் பை ஆட ஆட நடந்து போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் அப்பா அழுதுவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விமானம் கிளம்பியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. காலியான வீட்டில் போய் யார் உட்காருவது? தன் பூட்டுக் கடைக்கு வந்து, கேட்பாரில்லாத சாவிகளை எல்லாம் எடுத்து இயந்திரத்தில் கொடுத்து ராவிக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டி போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தார்.

ஒரு பெண்ணின் குரல். நடுவில் மாறுகிற விமான நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அவள் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அதில் அவள் சொன்னதன் சாரம் இது: உங்கள் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். ஏதோ ஒரு வார்த்தை கேட்கிறாள். கூட வந்த பணிப்பெண்ணிடம் கேட்டால், தெரியும், ஆனால் அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அவரையே கேளுங்கள் என்று உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற விமானத்துக்கு ஓடிவிட்டாள். அடுத்த விமானத்துக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தாயிற்று. இதை விட்டால் இனி நாளைக்குத்தான்.

பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் போட்ட பூட்டில் தன் பிள்ளையே மாட்டிக்கொண்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அவகிட்ட போனைக் குடுங்க, நான் சொல்றேன்" என்றார்.

போன் கை மாறியது. "சுண்டெலி, அப்பா பேசுறேன்டா. அந்த அம்மா கூட போ."

அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னது: "எங்கப்பா குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா போனை நம்பக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

போன் அந்தப் பெண்ணிடம் திரும்பிவிட்டது. மகளின் சாமர்த்தியத்துக்குச் சிரிப்பதா, தன் சாமர்த்தியத்துக்கு அழுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. இனி ஒரே வழிதான். இந்தப் பெண்ணிடம் வார்த்தையைச் சொல்ல வேண்டும். இவள் யார்? ஒரு குரல். அதுவும் போனில் வருகிற குரல். அவர் சட்டப்படி நம்பவே கூடாத சாதி.

"நீங்க இப்போ எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"நிக்கல. உங்க பொண்ணு பக்கத்துல தரையில உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அவள். "நின்னுக்கிட்டுப் பேசினா பிள்ளைக்குப் பயமா இருக்குமே."

பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் இப்படி ஒரு கதவைத் திறந்து போட்டதில்லை.

அவள் சொல்லிப் பார்த்தாள். அது குடையாகவும் இல்லை, கிழியவும் இல்லை. இவர் மெதுவாகப் பிரித்துச் சொன்னார். அவளும் விடவில்லை, பள்ளிப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னாள். பின்னால் ஒலிபெருக்கி கடைசி அழைப்பு விடுகிறது, இங்கே இரண்டு பேரும் 'ழி'யை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையிடம் நேராகச் சொல்வது அவருக்குக் கேட்டது. உடனே சுண்டெலி அவளைத் திருத்துவதும் கேட்டது. மறுபடி சொன்னாள். மறுபடி திருத்தம். பிறகு யாரோ எழுந்திருக்கிற சத்தம், சின்னக் காலும் பெரிய காலும் சேர்ந்து ஓடுகிற சத்தம். போன் நின்றுவிட்டது.

அன்று பொழுது சாயும்வரை அவர் ஒரு சாவியையும் உருப்படியாக ராவவில்லை. ஏறினாளா, இல்லையா? திரும்பக் கூப்பிட்டால் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு அவள் வயிற்றிலும் நெருப்பைக் கட்டுவானேன் என்று சும்மா இருந்தார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்குப் போடுகிற நேரத்தில் மனைவியின் அழைப்பு வந்தது. எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏங்க, அது என்ன கிழிஞ்ச குடை?"

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு யாரு சொன்னா?"

மனைவி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டே சொன்னாள். "நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். ஒரு பெரியவர் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு இவளைக் கூட்டிட்டு வர்றாரு. நான் கையை நீட்டுறேன், இவ தூரத்துலயே நின்னுட்டா. என்னையே பார்க்கிறா, வர மாட்டேங்கிறா. ரெண்டு வருஷமா போன்லயே பார்த்த முகம், பிள்ளைக்கு அடையாளம் தெரியலயோன்னு எனக்கு உயிரே போச்சுங்க. அந்தப் பெரியவர்தான் என்கிட்ட வந்து, ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து, 'இதைச் சொல்லுங்கம்மா'ன்னு காதுல சொன்னாரு. நடுவுல விமானம் மாறின இடத்துல ஒரு பொண்ணு எல்லாருக்கும் சொல்லி அனுப்பியிருக்காளாம். ஏறின விமானத்துல, இறங்கின வாசல்ல, பெட்டி எடுக்கிற இடத்துல, எல்லாரும் இவகிட்ட அதைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்களாம். 'அம்மாவுக்கு மட்டும் தெரியாது, நான் எப்படி அம்மாகிட்ட போறது'ன்னு இவ அந்தப் பொண்ணுகிட்ட ஓடிக்கிட்டே, தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லி அழுதிருக்கா. அதனால எனக்குன்னு தனியா சொல்லி அனுப்பியிருக்கா. நான் சொன்னேங்க. சொன்னதுதான் தாமதம், வந்து என் மேல விழுந்தா பாருங்க."

எல்லாருக்கும் யோசித்து யோசித்துப் பூட்டுப் போட்டவர், பெற்றவளை வெளியே நிறுத்தி வைத்ததை யோசிக்கவே இல்லை. கண் காணாத தேசத்தில் யாரோ ஒருத்தி யோசித்திருக்கிறாள். புண்ணியவதி, பிள்ளையை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். அவருக்கு அழுகை வந்தது. கடையாயிற்றே என்றும் வெட்கப்படாமல் அழுதார். அந்தப் பக்கத்தில் சுண்டெலி போனைப் பிடுங்கி, "ப்பா, அந்த அக்காவுக்கு 'ழி' வரவே இல்ல. பாவம்னு விட்டுட்டேன்" என்றாள்.

மறுநாள் அந்த நீளமான எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். யார் யாரோ எடுத்தார்கள், கடைசியில் அவளே வந்தாள். இவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி என்ற சொல் ஒன்றுதான் சமயத்துக்கு வந்தது, அதையே விடாமல் சொன்னார். போதாது என்று பட்டது. "உங்க வீட்டுப் பூட்டு எப்போ சிக்கிக்கிட்டாலும் ஒரு போன் போடுங்கம்மா, ஓடி வந்து திறந்து விடுறேன்" என்றார். விசா கிடைக்காத மனிதர் பேசுகிற பேச்சா இது?

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சிரித்தாள். தன்னிடம் இருந்த ஒரே தமிழை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிச் சொன்னாள்: "கிழிஞ்ச குடை."

'ழி' இன்னும் வரவில்லைதான். ஆனால் அவர் போட்ட சட்டப்படி, இனி அவள் கூப்பிட்ட இடத்துக்கு அவரே எழுந்து போகலாம். அன்றைக்குக் கடையைப் பூட்டியவர் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.