நழுவிய கரண்டிகள் போய்ச் சேர்ந்த வாய்

குழந்தையின் வாய்க்குத் தப்பிய முதல் கரண்டி வாழைப்பழம், நான்கு தெரு தள்ளி, ரயில் நிலையத்தில் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருந்த சித்தியின் வாய்க்குள் போய் விழுந்தது. மூன்றாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் "மூன்றாவது நடை" என்பதோடு நின்றாள். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருந்தது. ஏற்கெனவே ஒரு வாய் துப்பி, மறுபடி கரண்டியில் ஏறியது அது என்பதை நாக்கு உடனே கண்டுபிடித்துவிட்டது. குப்பைக்கூடையில் துப்பினாள்; பிறகு காலையில் தான் சாப்பிட்டதையும் சேர்த்து அதிலேயே கக்கினாள். ஒலிவாங்கியை யாரும் அணைக்காததால் நிலையம் முழுக்க அதைக் கேட்டது. பயணிகளில் பாதிப் பேர் வண்டி ரத்து என்று புரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஊரில் இதற்கு இவளைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைத்திருக்க மாட்டாள். சித்தி குழாயைத் திறப்பதற்கு முன்னால் குழாயைக் கழுவுகிறவள். அடுத்தவர் வாய்வைத்த டம்ளர் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். அக்கா புருஷனுக்குக் கப்பலில் வேலை என்பதால் அக்காவும், அக்காவின் ஒன்றரை வயதுக் குட்டியும், சித்தியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். குட்டி கையால் தின்பதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. மசித்த உருளைக்கிழங்கு முழங்கைவரை வழியும், மூக்குச்சளியோடு கலக்கும், மறுபடி வாய்க்குள்ளேயே போகும். முகவாயில் ஒழுகுவதை அக்கா விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள், அது அதைவிடக் கேவலம். "கருமம்! கரண்டியைக் கொடுத்துப் பழக்குக்கா" என்று சொன்னவள் சித்திதான். கடைக்குப் போய்ச் சின்னக் கரண்டியும் முள்கரண்டியும் வாங்கி, கொதிநீரில் போட்டெடுத்துக் குட்டியின் கையில் கொடுத்தவளும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கரண்டி பழகுகிற குழந்தைக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. உதட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கரண்டி கவிழும். கவிழ்ந்த பிறகுதான் வாய் திறக்கும். கவிழ்ந்தது தரையில் விழவேயில்லை. தரை துடைக்கிற வேலை மிச்சம் என்று அக்காவுக்கு முதலில் ஒரே சந்தோஷம். ஆனால் குட்டி கரண்டியில் ஏற்றியது சாப்பாட்டை மட்டுமல்ல. சோப்புத் துண்டு வந்தது, செத்த எறும்பு வந்தது, இருமித் துப்பிய கேரட் வந்தது, முள்கரண்டியால் காதைக் குடைந்தபோது அங்கிருந்ததும் வந்தது. வாய் நிறைய இதையெல்லாம் வைத்துக்கொண்டு சித்தி ஊர்ப்பெயர்களைக் குழப்பினாள். ஒரே வண்டிக்குக் கிளம்பிய அண்ணனும் தம்பியும் எதிரெதிர் ஊர்களில் இறங்கி, அங்கங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். நிலைய அதிகாரி பொறுமைசாலி. அவரே ஒருநாள் கண்ணாடிக் கதவைத் தட்டி, "இன்னொரு தடவை வாயில எதையாவது வெச்சுக்கிட்டுப் பேசினா, சாமான் அறைக்கு மாத்திடுவேன்மா" என்றார். சாமான் அறையில் தொலைந்துபோன செருப்புகளும் பூசணம் பிடித்த சாப்பாட்டு டப்பாக்களும் இருந்தன. ஒரு மனுஷியிடமிருந்து வெளியே போகிறவற்றில் குரல் ஒன்றுதான் சுத்தம் என்று நம்பியவள் சித்தி. அந்த வேலை போனால் தனக்கு ஒன்றுமேயில்லை என்று பயந்தாள்.

"நீயே மறுபடி ஊட்டிவிட்டுடேன்க்கா" என்று கெஞ்சினாள். அக்கா ஊட்டப்போனாள், குட்டி விரலைக் கடித்தாள். கரண்டிதான் வேண்டும். கரண்டியைக் கொடுத்தாலோ, சாப்பாடு சித்திக்குப் போனது. மாதக்கணக்கில் இப்படியே நடந்ததில் குட்டி இளைத்தாள், துப்பத் துப்பச் சித்திக்குச் சதை போட்டது. குட்டியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அக்கா பொங்கிவிட்டாள்.

"குழந்தை சாப்பாட்டைத் தின்னு உடம்பு வளக்கறியே, வெக்கமா இல்ல?"

"நானா கேட்டேன்? வாய்க்குள்ள வந்து விழுதுக்கா!"

மறுநாள் சித்தி நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, குட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பிசுபிசுத்த அந்தச் சின்னக் கையைத் தன் கையால் மூடிப் பிடித்தாள். உடம்பெல்லாம் கூசியது. குட்டி முகத்திலேயே தும்மினாள். மஞ்சள் கரு கண்ணிமையில் ஒட்டியது. அன்றைக்கு இரண்டு தடவை எழுந்துபோய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். தண்ணீராக இருந்தால் வழியும், கெட்டியாக இருந்தால் ஒட்டும் என்று கண்டுகொண்டாள். கரண்டியைப் பாதிதான் நிரப்ப வேண்டும், மணிக்கட்டைக் கடைசிவரை திரும்பவிடக் கூடாது. தப்பியதெல்லாம் கண்ணெதிரே கரண்டியிலிருந்து காணாமல்போய்த் தன் நாக்கில் வந்து உட்கார, "சீ, சீ" என்றபடியே அடுத்த கரண்டிக்குப் பிடித்துக்கொடுத்தாள். பழகிவிடும் என்று அக்கா சொன்னாள். பழகவேயில்லை. கடைசிநாள்வரை முதல்நாள்போலவே குமட்டியது. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் குட்டி ஒரு கிண்ணம் முழுவதையும் சிந்தாமல் தின்று, காலிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

சித்தி வேலைக்குத் திரும்பினாள். வாய் சுத்தமாக இருந்தது. குரல் கணீரென்று ஒலித்தது. குட்டிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ஒருநாள் சாயங்கால வண்டியை அறிவிக்கும்போது, யாரோ நிதானமாக வைத்துவிட்டதுபோல நாக்கின் நடுவில் ஒரு கரண்டி வாழைப்பழம் வந்தது. ஓரத்தில் நக்கிப் பார்த்த அடையாளம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய அதிகாரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கண்ணை இறுக்கி மூடி அதை விழுங்கினாள். பிறகு ஊர்ப்பெயர்களைப் பிசகில்லாமல் சொல்லி முடித்தாள்.

"கடைசிக் கரண்டியை மட்டும் வேணும்னே கவுக்குறாடி" என்றாள் அக்கா வீட்டில். "ஏன்டின்னு கேட்டா, 'சித்திக்கு'ங்கறா."

"சீ, எச்சில்" என்றாள் சித்தி. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "கட்டி கட்டியா இருக்கு. நாளைக்கு நல்லா மசிச்சுக் கொடு" என்றாள்.

அந்த வண்டியின் அறிவிப்பு இன்றைக்கும் நடுவில் சற்று நின்றுதான் வருகிறது. நிலைய அதிகாரி அதற்கென்று அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருக்கிறார். அது ஒரு வாய் விழுங்குகிற நேரம். அதற்குள் பயணிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொள்கிறார்கள்.