முன்பு என்ன தெரிந்தது

நர்ஸ் என் தாளை மேசையில் வைத்து, நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கான தாள். நான்கு பத்திகள். நேரம், குடித்த தண்ணீர், கழித்த சிறுநீரின் அளவு, கடைசியாக, 'போவதற்கு முன்பு என்ன தெரிந்தது'. அந்தப் பத்தியில் இல்லை, லேசாக, நன்றாக, அவசரமாக என்ற நான்கில் ஒன்றை எழுதவேண்டும். நான் பெரும்பாலும் 'லேசாக' என்று எழுதியிருந்தேன். நம்பும்படி இருக்கட்டும் என்று நடுவில் இரண்டு 'நன்றாக'.

அவர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். "நம்பரெல்லாம் ரொம்ப அழகா இருக்கும்மா."

பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"நூத்தி எண்பது, இருநூத்திப் பத்து, நூத்தி எழுபது. இவ்வளவும் ஒழுங்கா வெளிய போயிருந்தா, இப்ப ஸ்கேன்ல முந்நூத்தி நாப்பது மில்லி எப்படி உள்ள நிக்குது?" கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "பொய் சொல்லணும்னா டாக்டர்கிட்ட சொல்லு. அவருக்கு நேரமில்ல, நம்பிடுவாரு. எனக்கு நாள் பூரா இதேதான் வேலை."

பால் பதப்படுத்தும் ஆலையின் சோதனைக்கூடத்தில் மூன்று வருடமாக இருக்கிறேன். குளிர் அறையின் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதவேண்டும் என்பது விதி. யாருக்கும் அதற்கு நேரமில்லை. ஷிப்ட் முடியும்போது மொத்தமாக எழுதிவிடுவோம். சேர்ந்த புதிதில், என்னோடு வேலை பார்க்கும் அக்கா சொன்னார், எல்லாவற்றையும் நான்கு டிகிரி என்று போட்டால் சந்தேகம் வரும், நடுவில் ஒரு மூன்று புள்ளி எட்டு, ஒரு நான்கு புள்ளி ஒன்று போடு என்று. நர்ஸின் தாளையும் அப்படித்தான் நிரப்பினேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகும் பேருந்தில், மடியில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தக் கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். காலியாக விட்டால் அசிங்கம் என்று தோன்றியது.

சிறுநீர் முட்டினாலும் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதுதான் நோய். கழிவறை ஆலையின் மறுகோடியில் இருக்கிறது. சாவி வாசலில் செக்யூரிட்டியிடம். டேங்கர் லாரி ஓட்டுநர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நான் போய் நின்றால் செக்யூரிட்டி, "சாவியாம்மா?" என்று கேட்பார். அவருக்குக் காது மந்தம், அதனால் சத்தமாகக் கேட்பார். ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அந்த அமைதியே எனக்குப் போதுமாக இருந்தது. முதல் மாதமே காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பிறகு அடக்கினேன். முதலில் வலித்தது, அப்புறம் முட்டியது, அப்புறம் லேசாக ஏதோ இருந்தது. எப்போது அதுவும் நின்றது என்று தெரியாது. ஓயாமல் கூப்பிட்டவர் ஒருநாள் கூப்பிடுவதை விட்டுவிட்டால், நாம் கவனிக்கிறோமா என்ன. நிம்மதியாகத்தான் இருந்தது.

இந்த வருடம் இரண்டு முறை குளிர்ஜுரம் வந்தது. இரண்டாவது முறை கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரம் பயிற்சி, அதற்குள் உள்ளே தங்கும் அளவு நூறு மில்லிக்குக் கீழே இறங்கவேண்டும். இல்லையென்றால் தினமும் நான்கு வேளை நானே குழாய் செருகிச் சிறுநீரை எடுக்கவேண்டும். அவர் அதைச் சொன்ன விதத்தில் கொடுமை எதுவும் இல்லை. நான்தான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லன்னா இல்லன்னு எழுது," என்று நர்ஸ் புதுத் தாளை நீட்டினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி போ. போய் உக்காந்ததும் ஓடிவராத. உடம்புல எங்க என்ன இருக்குன்னு கொஞ்சம் கவனி. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

வீட்டில் அம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என்னைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை உண்டு. எவ்வளவு தூரப் பயணம் என்றாலும் இவளால் ஒரு தொல்லை கிடையாது, வண்டியை நிறுத்தச் சொன்னதே இல்லை என்று எல்லோரிடமும் சொல்வாள். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு நாளைக்கு இத்தனை தடவையாடி போகணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். என்னைப் பற்றிக் கேட்பதுபோல் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சோதனைக்கூடத்து அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவர் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே கேட்டார். "சாவி கேக்க வெக்கம். சாக வெக்கமில்லையா உனக்கு?" என்றார். பிறகு, நான் போகும் நேரத்தில் என் மேசையையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்க நினைத்தேன். அவரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

தொலைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்து கவனித்தேன். வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். ஒரு நாளில் ஏழு 'இல்லை'. ஆனால் மற்றவை தெரிய ஆரம்பித்தன. தோள்கள் காதருகே ஏறி நிற்பது. பற்களை இறுகக் கடித்திருப்பது. கால்விரல்கள் பனிக்கட்டியாக இருப்பது. சோதனைக்கூடம் இவ்வளவு குளிரும் என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. பிறகு அசதி வந்தது. புது அசதி இல்லை, பழையது, எங்கோ வரிசையில் காத்திருந்தது. பிற்பகல் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்கினேன். அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை. உடம்போடு திரும்பப் பழகுவது நல்ல விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் வந்து சேர்ந்ததெல்லாம் வலிகள்தான். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பதினெட்டாம் நாள், அக்கா விடுப்பு. மூன்று டேங்கர்கள் வரிசையில் நின்றன. முதல் வண்டியின் பாலில் புளிப்புச் சோதனை போட்டுக்கொண்டிருந்தேன். குடுவையில் பத்து மில்லி பால், அதில் கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைக்கும் வரை. ஆறாவது சொட்டோ ஏழாவது சொட்டோ, கை நின்றது. ஏன் நின்றது என்று முதலில் புரியவில்லை. அடிவயிற்றில், இடதுபக்கமாக, ஒரு சின்னக் கனம். வலி இல்லை. மறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி வந்தது.

அலாரம் அடிக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. பாதியில் விட்டால் இந்தச் சோதனை செல்லாது, புதிதாகப் போடவேண்டும். கற்பனையாகவும் இருக்கலாம். ஆசைப்படுகிறவளுக்கு இல்லாததும் தெரியும். குடுவையைப் பார்த்தேன். குழாயின் திருகை மூடினேன்.

வாசலை நெருங்கும்போது முதல் வண்டியின் ஓட்டுநர் எதிரே வந்தார். "எங்கம்மா கெளம்பிட்டீங்க? வண்டி நிக்குதே, ரிசல்ட் வந்தாதானே எறக்க முடியும்."

வேறு நாளாக இருந்தால் திரும்பியிருப்பேன். "பாத்ரூமுக்கு," என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. செக்யூரிட்டி கேள்வியே கேட்காமல் சாவியை எடுத்து நீட்டினார். ஓட்டுநர் ஒரு கணம் விழித்துவிட்டு, "சரி சரி, போய்ட்டு வாங்க," என்று வேறுபக்கம் பார்த்தார். அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது.

உள்ளே உட்கார்ந்தேன். கதவின் கீழ் இடைவெளியில் வெயில் ஒரு கோடாகக் கிடந்தது. ஒரு எறும்பு அதைக் கடக்கலாமா என்று யோசிப்பதுபோல் ஓரத்தில் நின்றது. தோளை இறக்கினேன். பல்லைத் தளர்த்தினேன். கொஞ்சம் போனது, நின்றது. வழக்கமாக அதோடு எழுந்துவிடுவேன். வெளியே ஹாரன் அடித்தது. இரண்டாவது வண்டியாக இருக்கும். நீளமாக, இரண்டு முறை. உள்ளே இன்னும் எங்கேயோ, மிகவும் மெல்லியதாக, ஏதோ இருந்தது. மூன்றாவது ஹாரனுக்கும் நான் எழவில்லை. எறும்பு வெயிலுக்குள் இறங்கியிருந்தது.