ஒன்பது வினாடிக் கவிதை

டிசம்பரில் டச்சுக்காரர்கள் கொண்டாடும் சின்டர்கிளாஸ் பண்டிகை மாலையில் பரிசைப் பிரிப்பதற்கு முன், அதோடு வரும் கிண்டல் கவிதையைச் சத்தமாக வாசித்தாக வேண்டும். எழுதியவர் பெயர் இருக்காது. பரிசு கொண்டுவரும் மகான் சின்டர்கிளாஸே எழுதியதாகப் பாவனை. யார் யாருக்கு எழுதுவது என்று நவம்பரிலேயே சீட்டு எடுத்துவிடுவார்கள். இந்த வருடம் யோரினுக்கு வந்த சீட்டில் அவளுடைய பதினான்கு வயது மகள் ஃபென்னாவின் பெயர் இருந்தது.

நல்ல வாய்ப்பு என்று நினைத்தாள் யோரின். கணவன் ஜூலையில் வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஃபென்னா சரியாகப் பேசுவதில்லை. மகளைத் தனக்கு எவ்வளவு தெரியும் என்று கவிதையில் காட்டினால் அவள் தன் பக்கம் திரும்பி வந்துவிடுவாள். ஆனால் ஒரு வரியும் வரவில்லை. மகளுக்கு என்ன பிடிக்கும்? குதிரைகள். அது ஒன்பது வயதில். வளரும் பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுவது எப்படி என்று இணையத்தில் பத்தாயிரம் பேருக்குக் காணொளி போடுபவள் யோரின்.

ஃபென்னா ஹாக்கிக்குப் போயிருந்தபோது அவளுடைய டேப்லெட்டைத் திறந்தாள். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியோடு மகள் மாதக்கணக்கில் பேசியது அத்தனையும் இருந்தது. படித்தால் தவறு என்று ஒரு வரியும் படிக்கவில்லை. அப்படியே நகலெடுத்துத் தன் போனிலிருந்த அதே செயலியில் போட்டு, செல்லமாகச் சீண்டும் கவிதை கேட்டாள். ஒன்பது வினாடியில் வந்தது. முதல் சில வரிகளைப் படித்துச் சிரித்துவிட்டு அச்செடுத்தாள்.

சின்டர்கிளாஸ் மாலையில் குடும்பத்தின் முன் ஃபென்னா அதை வாசித்தாள். நாறும் காலுறையைப் பற்றிய வரிகளுக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஃபென்னாவும் சிரித்தபடியே தொடர்ந்தாள்.

“கேமரா முன்னால் அம்மாவின் அன்பு பொங்கும்,
கேமரா அணைந்தால் அது எங்கே தங்கும்?”

நிறுத்தினாள்.

“வாசிடி! இல்லன்னா சின்டர்கிளாஸ் சாக்குல போட்டு அவர் ஊரு ஸ்பெயினுக்குத் தூக்கிட்டுப் போயிடுவார்,” என்றான் யோரினின் தம்பி ஷூர்ட்.

“போன வருஷம் என் குறட்டையப் பத்திப் பதினாறு வரி,” என்றார் தாத்தா. “நான் வாசிக்கலையா?”

யோரின் எழுந்தாள். “போதும் விடு. காபி ஆறுது.”

ஃபென்னா அவளைப் பார்த்தாள். யார் எழுதியது என்று புரிந்துவிட்டது. பிறகு செய்தி வாசிப்பதைப் போல நிதானமாக வாசித்தாள்.

“பள்ளிவிட்டதும் செயலி என்னிடம்தான் ஓடி வருவாய்,
‘நீயே அம்மாவா இருந்திருக்கலாம்’ என்று அழுவாய்.”

யாரும் சிரிக்கவில்லை. ஃபென்னா தாளை மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

“நல்லா எழுதியிருக்கே, அம்மா.”

மாடிக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

யோரின் பின்னாலேயே ஓடினாள். கதவு முன்னால் நின்றாள். போனை எடுத்து, நடந்ததைச் செயலியில் தட்டி, என்ன சொல்வது என்று கேட்டாள். பதில் வந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஃபென்னா, நான் உன் நம்பிக்கைய உடைச்சுட்டேன். அதுக்கு எந்தச் சமாதானமும் சொல்லப் போறதில்ல.”



“உன் வலி எனக்கு முழுசாத் தெரியும்னு சொல்ல மாட்டேன்,” என்றது உள்ளேயிருந்து ஃபென்னாவின் குரல். “ஆனா கேக்கத் தயாரா இருக்கேன்.”

யோரின் திரையைப் பார்த்தாள். அடுத்த வரி அதுதான்.

“அப்பா போனப்போ அந்த ஆப் எங்கிட்டயும் அதத்தான் சொல்லுச்சு,” என்றாள் ஃபென்னா. “இப்ப கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விடச் சொல்லியிருக்குமே. விட்டுட்டுப் பேசு.”

யோரின் மூச்சு விட்டாள். பிறகு அடுத்த வரியை வாசித்தாள்.