யார் கைப் பால்

தனலெட்சுமி முனீஸ்வரர் கோயில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கரண்டியில் அள்ளி மாயாண்டியின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"குடிண்ணே. நம்ம தோட்டத்து மண்ணுதான். குடிச்சிட்டு நிம்மதியாப் போ."

தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. மூச்சு பழையபடியே இழுத்து இழுத்து வந்தது. கட்டிலின் கால்மாட்டில் தரையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி வள்ளிநாயகி, அடக்கி வைத்திருந்த தன் மூச்சை மெல்ல விட்டாள்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டதிலிருந்து இதே கதைதான். கண் திறக்கவில்லை, பேச்சில்லை, உயிர் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. போகாத உயிர் எதற்கோ ஏங்கி நிற்கிறது என்பது தோட்டத்துச் சனங்கள் கண்ட உண்மை. ஏக்கம் எதுவென்று கண்டுபிடித்து, அதற்குரியவர் கையால் ஒரு சொட்டுப் பால் விட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். மகன் முகுந்தன் விட்டுப் பார்த்தான். தங்கத்தை உரசிக் கொடுத்தார்கள். அவருக்குப் பிடித்த காப்பியும் கொடுத்தாயிற்று.

"ஒரு சொட்டு கள்ளு விட்டுப் பாக்கலாம்லா," என்றார் பக்கத்து வீட்டு அமிர்தலிங்கம்.

"ஒமக்கு வேணும்னா நேரா கேட்டு வாங்கிக் குடியும். எங்கண்ணன் கள்ளுக்கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல."

அமிர்தலிங்கம் வெளியே நாற்காலி எடுத்துப் போடப் போனார்.

வள்ளிநாயகியும் முதலிலேயே பால் விட்டிருந்தாள். உயிர் அசையவில்லை. என் கைக்குப் போகாத உயிர் வேறு யார் கைக்குக் காத்திருக்கிறது? பதில் அவளுக்குத் தெரியும். வெளியே வாசலை ஒட்டிய அஞ்சடியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் தெரியும்.

"பஞ்சால டீச்சருக்குச் சொல்லிவிட்டாங்களா?"

"மெதுவாப் பேசுடி. வள்ளி காதுல விழப் போவுது."

விழுந்துவிட்டது.

மாயாண்டி அவளுக்குத் தாய்மாமன். தோட்டத்தில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் தேறிய இரண்டே பேரில் ஒருவர் அவர், மற்றவள் பஞ்சாலை. ஒரே லாரியில் சிரம்பானுக்குப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆசிரியர் கல்லூரியிலும் இருவருக்கும் ஒன்றாகவே இடம் கிடைத்தது. படித்து வந்ததும் கல்யாணம் என்று தோட்டமே முடிவுகட்டி வைத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த வள்ளியின் அப்பா, மரம் மேலே சாய்ந்து போய்ச் சேர்ந்தார். வேலைக்கு ஆளில்லாத குடும்பத்துக்குத் தோட்டத்து வீடு கிடையாது. அம்மா நாலு பிள்ளைகளோடு தம்பி முன்னால் போய் நின்றாள். தம்பி கல்லூரிக்குக் கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்தார். மறு வாரமே தோட்டத்தில் ரப்பர் பால்வாளியைத் தூக்கினார். பிறகு அக்கா மகள் வள்ளியையும் கட்டிக்கொண்டார்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. தாலி ஏறிய நேரத்தில் அவள் மனதில் இருந்தது ஒன்றுதான். இந்த மனிதர் நம்மால் எல்லாவற்றையும் இழந்துவிட்டார்.

அந்தப் பயம் போகவே இல்லை. அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, கை நீட்டியதில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வரிசை வீடு போய் இந்தச் சின்ன வீடு வந்தது. பயம் மட்டும் சாமான்களோடு சாமானாகக் கூடவே வந்தது. முகுந்தன் படிப்பை விட்டுவிட்டு நீலாய்த் தொழிற்சாலையில் சேர்ந்த அன்று, "படிப்ப விட்டவன் கதை தெரியுமாடா ஒனக்கு?" என்று அவர் கத்தினார். கத்திவிட்டுச் சட்டென்று வள்ளியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கை சில்லிட்டுவிடும்.

பஞ்சாலையின் புருஷன் இறந்தபோது அவர் தனியாகத்தான் போய் வந்தார். அவர் மோட்டர் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்கும்வரை அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

இப்போது பஞ்சாலையை அழைத்து, அவள் கைப் பாலில் அந்த உயிர் போய்விட்டால்? இத்தனை வருஷம் யாரை நினைத்துக்கொண்டு உன்னோடு வாழ்ந்தான் பார் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். அழைக்காவிட்டாலோ, அந்த உடம்பு கிடந்து தவிக்கும்.

அவர் நெஞ்சுக் கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. முனீஸ்வரா, இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தால் நீ என்னை மன்னிப்பாயா?

"முகுந்தா."

"என்னாம்மா?"

"காடிய ஓட்டிக்கிட்டு சி ரூசாவுக்குப் போ. பஞ்சால டீச்சரக் கூட்டியா."

தனலெட்சுமி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் வள்ளிக்குச் சின்னம்மா, நாத்தனாரும் அவளே. இரண்டு உறவுக்கும் சேர்த்து எப்போதும் இரண்டு பங்கு பேசுகிறவள். இப்போது கரண்டியை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டாள்.

மத்தியானம் ஆவதற்குள் பஞ்சாலை வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வலியால் முகுந்தனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அஞ்சடியில் பேச்சு நின்றது. உள்ளே வந்து, கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "மாயாண்டி, என்னாப்பா இது?" என்றாள்.

அவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்தப் பூமியில் ஒரு ஆள் இருப்பதை நினைக்க வள்ளிக்குத் திக்கென்றது. அவள் பால் கிண்ணத்தை நீட்டினாள்.

"நீங்க ஒரு வாய் விடுங்க, டீச்சர்."

பஞ்சாலை அவள் முகத்தைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களையும் பார்த்தாள். எதற்காக அழைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் எதுக்கு வள்ளி?"

"விடுங்க. அவரு கஷ்டப்படுறாரு."

வள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். போகட்டும் சாமி, அவர் தவிக்க வேண்டாம் என்று வேண்டினாள். வேண்டி முடிப்பதற்குள், இந்தக் கையில் மட்டும் வேண்டாம் என்று இன்னொரு வேண்டுதல் தானாக வந்து விழுந்தது. கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இழுப்பு நின்றது போலிருந்தது.

மூச்சு மறுபடியும் இழுத்தது.

கண்ணைத் திறந்தாள். பால் அவர் தாடையில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. பஞ்சாலை தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். முதலில் வள்ளிக்கு நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே அதற்காக வெட்கமாக இருந்தது. அதற்கும் பின்னால், முன்பைவிடப் பெரிய பயம் வந்தது. இதுவும் இல்லையென்றால், இவரைப் பிடித்து நிறுத்துவது எது?

அவள் எழுந்து குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஞ்சாலை நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"எனக்கும் அவனுக்கும் என்ன பாக்கி இருக்கு, என் கையில போறதுக்கு?"

நாற்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "எங்களாலதான டீச்சர் அவரு காலேஜு போகல. வாத்தியாரா இருக்க வேண்டியவரு. உங்களக் கட்டியிருந்தா..."

"படிப்ப விட்டதுல அவனுக்கு வருத்தம்தான். இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றவளாயிடுவேன்," என்றாள் பஞ்சாலை. "எங்க வீட்டுக்காரரு செத்தப்ப வந்தான்ல, அன்னிக்கி கேட்டேன். 'காலேஜுக்கு வந்திருக்கலாம்னு தோணுதா மாயாண்டி?' தோணாத நாளில்லன்னான்."

வள்ளி தொட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"கேளு, இன்னும் முடியல. 'அதையாவது தாங்கிக்கிட்டேன் பஞ்சால. வீட்டுல அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் மூச்சு விடுது. சோத்துல உப்பில்லன்னாகூட நான் வாயத் தொறக்கிறதில்ல, பயந்துரும்னு. ஒரு நாளாச்சும் மத்த பொண்டாட்டி மாதிரி என்னை நாலு வார்த்த திட்டிட்டா, நான் நல்லபடியா வாழ்ந்தேன்னு நெனச்சுக்குவேன்'னான். சொல்லிட்டுச் சிரிக்க வேற செஞ்சான்."

வள்ளி தொட்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

"ஒன் புருசன் எங்கிட்ட இப்படிச் சொன்னான்னு நான் வந்து சொன்னா, நல்லாவா இருந்திருக்கும்? எனக்கும் பயந்தான்டி."

வள்ளிநாயகி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். "கொஞ்சம் வெளிய இருங்க, சின்னம்மா," என்றாள். தனலெட்சுமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பஞ்சாலை அவள் முழங்கையைப் பிடித்து வாசல்புறம் அழைத்துப் போனாள்.

வள்ளி வழக்கம்போல் தரையில் உட்காரப் போனாள். பிறகு கட்டில் விளிம்பிலேயே, அவர் தோளோரமாக உட்கார்ந்தாள். கேட்காத மனிதரிடம் பேசக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

"மாமா, ஒங்களுக்கு... ஒங்களுக்கு அறிவிருக்கா?"

சொல்லிவிட்டாள். வீடு இடிந்து விழவில்லை.

"ஞாயித்துக்கெழம தவறாம ஈயம் தோண்டுன குட்டையிலேருந்து கெளுத்தி மீனு புடிச்சாந்தீங்களே. எனக்கு அது ஆகவே ஆகாது. சேத்து வாடை. கல்யாணம் கட்டுன நாள்லேருந்து மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் திங்கிறேன். ஒரு வார்த்த, வேணுமா வள்ளின்னு கேட்டீங்களா? கேட்டிருந்தாலும் நான் வேணும்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற. ஆனா கேட்டிருக்கணும்லா!"

வெளியே தனலெட்சுமி, "ஐயோ, இவளுக்கு என்னா புடிச்சிச்சு?" என்பது கேட்டது.

"கொறட்ட வேற. அமிர்தலிங்கம் வீட்டு நாயி எந்திரிச்சு ஓடுற மாதிரி கொறட்ட. வெள்ளச் சட்டையா வாங்கி வாங்கிச் சேறாக்குறது, நான் குனிஞ்சு குனிஞ்சு வெளுக்கிறது. வாத்தியாரு கணக்கா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு நின்னா, எங்கண்ணு பட்டுடும்னு நான் திரும்பிக்குவேன், தெரியுமா? அதைக்கூடச் சொன்னதில்ல நானு."

அவள் அவர் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களைச் சொடக்கெடுப்பதுபோல் ஒவ்வொன்றாக நீவியபடி பேசினாள். அவர் உடைத்த பிளாஸ்டிக் வாளியைப் பற்றிச் சொன்னாள். தைப்பூசத்தில் காணாமல் போன செருப்பைப் பற்றிச் சொன்னாள். குரல் ஏறிக்கொண்டே போனது. ஒருமுறை சிரிப்புக்கூட வந்துவிட்டது.

எப்போதோ மூச்சு இழுக்கும் சத்தம் நின்று, அறையில் அவள் குரல் மட்டும்தான் இருந்தது.

கதவருகே நிழல் தட்டியது. பஞ்சாலை நின்றிருந்தாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தனலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வரப் பார்த்தாள். பஞ்சாலை குறுக்கே கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

வள்ளிநாயகி அவர் முகத்தின் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மடியிலிருந்த கையின் சுண்டுவிரல் இன்னும் பாக்கி இருந்தது. அதை எடுத்து நீவ ஆரம்பித்தாள்.

"அப்புறம் மாமா," என்றாள், "அந்தப் பச்சப் பொடவைய யாரு வாங்கச் சொன்னா?"