நாலு கருப்பட்டி

புளியைக் கரைத்துத் தேய்த்தும் மாமனார் செவத்தியானின் குதிகால் பித்தவெடிப்புகளில் ஏறியிருந்த சிவப்பு போகவில்லை. போன வாரம்தான் அவர் தொட்டியில் இறங்கித் திராட்சை மிதித்திருந்தார். நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் கொடிப் பந்தலின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“போதும் திரேசு. அவரு சம்பாதிச்ச சாயம், இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள் மாமியார் சூசையம்மாள்.

திரேசம்மாள் தண்ணீரைக் கொட்டினாள். வாசலில் அவள் புருஷன் இன்னாசி, பெட்டி செய்கிற ஆசாரியோடு நின்றான். எட்டு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை.

கோச்சடையில் அந்த வீட்டுத் திராட்சை ரசம்தான் சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம், சாமியார் பலிபீடத்தில் வைக்கிற பூசை ரசம். மிதித்ததைத் தோலோடு ஊறப்போட்டு, தானாகப் பொங்கி அடங்கியதும் வடித்துச் சாடியில் அடைப்பார்கள். வேறு ஒன்றும் சேரக்கூடாது. “கலந்த ரசத்துல வச்ச பூசை, பூசையே இல்லத்தா,” என்று மாமனார் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

போன வருஷம் அறுப்புக்கு முன்னால் மழை கொட்டிப் பழத்தில் இனிப்பே ஏறவில்லை. மாமனார் காய்ச்சலில் படுத்துவிட்டார். தொட்டி திரேசம்மாள் பொறுப்பு. மூன்று நாளாகியும் பொங்கவில்லை. குழம்பு புளித்தால் வெல்லம் போடுகிற கை சும்மா இருக்குமா? நாலு கருப்பட்டியை நுணுக்கிப் போட்டுவிட்டாள். மறுநாளே நுரைத்துப் பொங்கியது. வடித்த பிறகு மாமனார் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, “ம்” என்றார். தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினாள், பாவி மகள்.

இப்போது கோயிலில் இருப்பது அந்த ரசம்தானே! ஊருக்கெல்லாம் பூசைக்குக் கொடுத்த மனுஷன் பூசையில்லாமல் குழிக்குள் போவதா? சாமியாரிடம் சொன்னால், இனி எந்தக் கோயிலும் இந்த வீட்டுச் சாடியைத் தொடாது. இன்னாசியின் பிழைப்பில் மண் விழும்.

துக்கமணி அடிக்கத் தொடங்கியது. அவள் எழுந்துவிட்டாள்.

“அத்தே, நான் முன்னால கோயிலுக்குப் போறேன். சாமியாருகிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்னத்த?”

அழாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். புருஷனின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள் சூசையம்மாள்.

“நாலா? அவரு மூணுன்னுல்ல சொன்னாரு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“நாக்குல வச்ச அன்னைக்கே தெரியும். அதுல ஒரு சாடிகூட வாசப்படி தாண்டல. அதுக்கு முந்துன வருசத்து ரசத்தத்தான் கோயிலுக்கு அனுப்புனாரு.”

“அப்ப அம்புட்டுச் சாடியும்?”

“அவரேதான் குடிச்சாரு, ராத்திரிக்கு அரைத் தம்ளரா. ‘புள்ள பயந்துரும், மூச்சு விடாத’ன்னாரு. பக்கத்துல படுக்க முடியல, அம்புட்டு வாடை!”

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது திரேசம்மாளுக்கு. சூசையம்மாள் தடுக்கவில்லை.

பூசை நடந்தது. அடக்கமும் முடிந்தது. மத்தியானம், பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சி ஆறிக்கொண்டிருந்தபோது திரேசம்மாள் கேட்டாள்.

“இன்னும் எத்தன சாடி இருக்கு அத்தே?”

“ஒண்ணே ஒண்ணு. அதுலயும் பாதிதான்.”

அதை எடுத்து வந்து அரைத் தம்ளர் ஊற்றி, நின்றபடியே குடித்தாள். பிறகு இன்னோர் அரைத் தம்ளர் ஊற்றி மாமியார் பக்கம் நகர்த்தினாள். சூசையம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டே கையில் எடுத்தாள்.