பின்கால் கடைசி விரல்

குட்டியின் வலது பின்காலில் கடைசி விரலைக் காணோம். அரிசி அளவு எலும்பு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்துவிட்டு, எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்த மூன்றே வாரத்தில் தொலைந்திருக்கிறது.

டைனோசர் முட்டைகளும் குட்டிகளும் ஊர் ஊராகப் போகும் கண்காட்சி. இன்று கட்டி அனுப்பும் நாள். லாரி நான்கு மணிக்கு. ஒவ்வொரு பொருளும் வரும்போதும் போகும்போதும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தற்காலிகம். நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த வாரம் என்றிருந்தார்கள்.

வந்த அன்றைய படிவத்தில் 'முழுமையாக உள்ளது' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

"அப்போ இங்கதான் உடைஞ்சிருக்கு," என்றார் பிரிவு அதிகாரி. வாயைத் திறந்தால் அவசரம் என்பார். நாங்கள் வைத்த பெயரும் அவசரம்தான். "போன வாரம் பல்பு மாத்த கண்ணாடியைத் திறந்தோமே, அப்போ பக்கத்துல பெருக்கிட்டு இருந்தது அந்தம்மாதான். அவங்ககிட்ட எழுதி வாங்கிடு. அவசரம்."

அந்தம்மா என் அம்மா. இங்கே யாருக்கும் தெரியாது. சொல்லாதே என்றது அவள். சௌகரியமாகச் சொல்லாமல் இருந்தது நான்.

துப்புரவு அறையில் நானும் அம்மாவும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கிழித்து செய்தித்தாளில் கொட்டினோம். முடி, பஞ்சு, பொத்தான். வெள்ளையாக ஒன்று கையில் தட்டுப்பட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஏதோ குழந்தையின் பால்பல்.

"இதையே ஒட்டி விடேன்டி. அதுவும் குட்டி, இதுவும் குட்டி."

"சும்மா இரும்மா."

பெட்டியையாவது தயார் செய்வோம் என்று போனேன். குட்டிக்காக வெட்டிய நுரைப்பள்ளத்தின் மடிப்பில் விரல் கிடந்தது.

வரும் வழியிலேயே உடைந்திருக்கிறது. பெட்டி வந்ததும் ஒரு நாள் மூடியே வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் சூடும் அறையின் சூடும் சமமாகும் வரை. அன்று ஓட்டுநர் படிவம் கேட்டு நின்றார். "இப்போ போட்டுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் அவசரம். மறுநாள் என்னை நுழைவுச்சீட்டு கிழிக்க அனுப்பினார்; பெட்டியைத் திறந்து குட்டியை எடுத்து வைத்தது வேறு யாரோ.

பின்னாலேயே வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"என் தூசில போடு. நான் எங்க வேணா பெருக்கிப்பேன். உனக்கு இந்த ஒரு கடுதாசிதான்."

"எழுதிக் குடுத்துட்டியா?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே அவரு நீட்டினாரு, கையெழுத்துப் போட்டேன்."

படிக்காமலே போட்டிருக்கிறாள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

விரலை எடுக்கக் கை போனது. பொய் சொல்லமாட்டேன், போனது. பிறகு அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அவசரத்தைக் கூப்பிட்டேன்.

"வந்தப்போ முழுசுன்னு நீதானே எழுதியிருக்க?"

"பெட்டியைத் திறக்காம எழுதினேன் சார். நீங்க சொல்லித்தான்."

"நான் சொன்னதுக்கு என்ன சாட்சி?"

எதுவும் இல்லை. போகும் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இந்த முறை பார்த்து.

"உன் வேலை போகும். தெரியுதா? அந்தம்மா உனக்கு யாரு?"

"எங்கம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குப் புதுப் பை மாட்டி, சுத்தமாக இருந்த தரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள்.